காப்பித் தூளை எவ்வளவு அமுக்குவது?



சென்ற தீபாவளிக்கு எங்கள் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் மூத்த மகன் பட்டணத்திலிருந்து ஒரு காப்பி இயந்திரம் வாங்கி வந்தான். அவன் அங்கே ஒரு காப்பிக் கடையில் வேலை செய்பவன். 'எஸ்பிரெசோ' என்று இத்தாலியர் பெயரிட்டு அழைக்கும் கெட்டிக் காப்பியை இறக்குகின்ற, வீட்டுக்கேற்ற சிறிய இயந்திரம் அது. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய தாயார் இனியாவது காலையில் உட்கார்ந்து நல்ல காப்பி குடிக்கட்டும் என்பது பிள்ளையின் ஆசை. அவன் இருந்த மூன்று நாளும் காப்பி தேன்போல் இறங்கியது. அவன் வேலைக்குத் திரும்பிய மறுநாளிலிருந்து, குழாயைத் திறந்துவிட்டதுபோல் வெளுத்த தண்ணீராக ஓடத் தொடங்கிவிட்டது.

தூளைச் சரியாக அமுக்கவில்லை போலும் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். இயந்திரத்தோடு வந்த பிளாஸ்டிக் அமுக்கியை இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினார். காப்பி கெட்டிப்படவில்லை, ஏற்கெனவே நோவு கண்டிருந்த வலது மணிக்கட்டுதான் வீங்கியது. பட்டணத்துக் கடை ஒன்றில் விசாரித்தபோது, 'உங்கள் அமுக்கி சரியில்லை, இதை வாங்குங்கள்' என்று பளபளப்பான ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அதன் விலை இயந்திரத்தின் விலையில் பாதி! "வாங்கலாமா, வாத்தியாரே?" என்று கேட்டுக்கொண்டு அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம். இப்படிப்பட்ட இயந்திரங்கள் இப்போது பல வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றோடு இந்தக் கேள்வியும் வருகிறது.

அந்த அமுக்கியை ஆங்கிலத்தில் டேம்பர் என்பார்கள். அடியில் வட்டமான தட்டு, மேலே பிடித்துக்கொள்ள ஒரு குமிழ். அவ்வளவுதான் அதன் உருவம். இயந்திரத்தின் கைப்பிடிக்குள் துளைகள் உள்ள ஒரு கிண்ணம் உட்காரும். அதில் காப்பித் தூளைக் கொட்டி, டேம்பரால் அமுக்கி, வில்லைபோல் ஆக்கி, இயந்திரத்தில் பூட்ட வேண்டும். சுடுநீர் அந்த வில்லையைத் துளைத்துக்கொண்டு கீழே காப்பியாக இறங்கும்.

தூளை எதற்காக அமுக்க வேண்டும் என்பது விளங்கினால் எந்த அமுக்கியை வாங்குவது என்பது தானாக விளங்கும். நமக்குத் தெரிந்த காப்பியிலிருந்தே தொடங்குவோம். நம் கோப்பிக் கடைகளில் துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறார்கள். அங்கே அமுக்குகிற வேலையே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த பித்தளை பில்டர் சில வீடுகளில் இன்னும் இருக்கலாம். அதில் குடைபோல் காம்பு வைத்த ஒரு தட்டு இருக்கும். தூளின்மேல் அதை மெல்ல வைத்து, இலேசாகத் தட்டிவிட்டு, வெந்நீர் ஊற்றுவோம். அவசரக்காரர் யாராவது அதை இறுக அமுக்கிவிட்டால் என்ன ஆகும்? விடிய விடிய வைத்தாலும் டிக்காக்ஷன் இறங்காது. பில்டரில் தண்ணீரைக் கீழே தள்ளுவது தண்ணீரின் சொந்தப் பாரம் மட்டுமே. பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் பத்து கிராம் பாரம்தான் கொடுக்கும்.

எஸ்பிரெசோ இயந்திரத்தில் கதை வேறு. அங்கே தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் ஏறக்குறைய 9 பார். கார் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வலிமை தெரியும். பில்டரில் உள்ள அழுத்தத்தைப்போல் இது சுமார் 900 மடங்கு. ஆதியில் இப்படி இருக்கவில்லை. இத்தாலியில் 1901-இல் லூயிஜி பெட்சேரா உரிமம் பெற்ற இயந்திரம் நீராவியின் அழுத்தத்தால் வேலை செய்தது. அந்த அழுத்தம் குறைவு. மிலான் நகரத்து அக்கீலே காஜ்ஜியா 1938-இல் புதிய முறைக்கு உரிமம் பெற்று, போருக்குப் பின் 1948-இல் நெம்புகோல் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் இவ்வளவு அழுத்தத்தில் காப்பி இறக்குவது பரவி, மேலே பொன்னிற நுரை படிந்த காப்பி உலகத்துக்குக் கிடைத்தது. 1961-இல் ஃபயேமா நிறுவனத்தின் இ61 என்ற இயந்திரம், கையால் நெம்புகோலை இழுக்கும் வேலையை மின்சாரப் பம்புக்கு மாற்றியது.

அழுத்தம் இவ்வளவு இருப்பதால், தண்ணீர் சட்டென்று ஓடிவிடாமல் தடுக்கத் தூள் நைசாக இருக்க வேண்டும். தூள் நைசாக இருப்பதால் அதைச் சமமாக அமர்த்த வேண்டும். டேம்பர் வருவது இந்த இடத்தில்தான்.

மழைக்காலத்தில் தோட்டத்துச் சரிவைப் பார்த்திருப்பீர்கள். மண் எங்கே இளகிக் கிடக்கிறதோ அங்கே தண்ணீர் முதலில் ஒரு கோடு கிழிக்கும். பிறகு மழைத்தண்ணீர் முழுவதும் அந்தக் கோட்டையே தேடி ஓடி, அதைப் பள்ளமாக்கிவிடும். பக்கத்து மண்ணோ அவ்வளவாக நனையாமலே கிடக்கும். காப்பி வில்லையிலும் இதேதான் நடக்கிறது. தூளுக்குள் ஓர் இடத்தில் காற்றுப்பை இருந்தால், அல்லது வில்லை ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தால், 9 பார் தண்ணீர் அந்த இளகிய வழியைப் பிடித்துக்கொண்டு பாயும். அந்த வழியில் உள்ள தூளிலிருந்து தேவைக்கு மேல் சாறு இறங்கிக் கசக்கும். மற்ற தூள் பாதிகூட ஊறாமல் புளிக்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவதன் இரகசியம் இதுதான். ஆக, டேம்பரின் வேலை காற்றுப்பைகளைப் போக்குவதும், வில்லையின் மேற்பரப்பைச் சமதளமாக்குவதுமே. தண்ணீரை மறித்து நிறுத்துவது அதன் வேலையன்று.

இதைக் கணக்காகவே காட்டலாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் காகிதமும் பென்சிலும் கொடுங்கள். கடைகளில் உள்ள பெரிய இயந்திரங்களின் கிண்ணம் பெரும்பாலும் 58 மில்லிமீட்டர் டேம்பருக்கு ஏற்றது. அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 26 சதுர சென்டிமீட்டர். 9 பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோவுக்குச் சற்று மேல். பெருக்கிப் பார்த்தால், வில்லையின்மேல் தண்ணீர் ஏற்றும் பாரம் சுமார் 240 கிலோ! நாம் டேம்பரால் அமுக்குவதோ, வழக்கமாகச் சொல்லப்படும் அளவில், 30 இராத்தல். அதாவது 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கூடுதல் பலசாலி 25 கிலோ அமுக்கினார் என்றே வைத்துக்கொள்வோம். பின்னால் 240 கிலோ வந்து உட்காரும்போது அந்தப் பதினொரு கிலோ எம்மாத்திரம்? தூளுக்குள் இருந்த காற்று வெளியேறி, துகளோடு துகள் ஒட்டி உட்கார்ந்த பிறகு, மேலும் மேலும் அமுக்குவதால் காப்பியில் தெரியும் மாற்றம் மிகச் சிறிது. மணிக்கட்டில் தெரியும் மாற்றம் பெரிது. நாள் முழுதும் காப்பி இறக்கும் கடைத் தொழிலாளர்களுக்கு மணிக்கட்டு, முழங்கை, தோள் வலி வருவது தெரிந்த சங்கதியே.

அப்படியானால் அந்த அம்மாவின் காப்பி ஏன் தண்ணீராக ஓடியது? மகன் இருந்தபோது, தான் வேலை செய்யும் கடையில் அரைத்த தூளைக் கொண்டுவந்திருந்தான். அது தீர்ந்ததும் அவர் பலசரக்குக் கடைக் கோப்பித் தூளைப் போட்டிருக்கிறார். துணிப்பைக்கென்று அரைத்த பருமனான தூள் அது. பருமன் துகள்களுக்கிடையே உள்ள சந்துகளைக் கை பலத்தால் அடைக்க முடியாது. ஜல்லிக் கல்லை எவ்வளவு மிதித்தாலும் அது மணலாகுமா? எஸ்பிரெசோவுக்கு வேண்டிய தூள் பொடி உப்பைவிடச் சற்று நைசாக, ஆனால் மாவாகிவிடாமல் இருக்க வேண்டும். அந்தக் கடைத் தூளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டுக் கோப்பியை பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். துணிப்பையில் ஊற்றிக் குடிக்க அதன் மணத்துக்கு ஈடில்லை. நமக்கும் அதுவே பிரியம். ஆனால் இளகிய சீனி இயந்திரத்தின் சிறு துளைகளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்துக்கு வேறொன்றும் சேர்க்காமல் வறுத்த கொட்டையின் தூளே ஏற்றது.

ஓடுகிற வேகத்தைத் திருத்துவது அரவையால்தான், அமுக்குவதால் அன்று. பழக்கத்தில் உள்ள ஓர் அளவு சொல்கிறோம். 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காப்பி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்கினால் சரி. சிறிய கிண்ணமானால் தூளைக் குறைத்து, காப்பி அதைப்போல் இருமடங்கு என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். பத்து வினாடியிலேயே இறங்கிவிட்டால் அடுத்த முறை இன்னும் நைசாக அரைக்க வேண்டும். ஒரு நிமிடமாகியும் சொட்டிக்கொண்டிருந்தால் சற்றுப் பருமனாக. அமுக்கும் பாரத்தை மட்டும் மாற்றாமல் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால்தான் எது பிழை என்று கண்டுபிடிக்க முடியும்.

இனி அமுக்கிகளுக்கு வருவோம். இயந்திரத்தோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் அமுக்கிக்கு ஒரு முனையில் கரண்டியும் மறுமுனையில் தட்டும் இருக்கும். அதன் பெரிய குறை இலேசாக இருப்பதன்று. அளவு சிறிதாக இருப்பதே. அந்த அம்மாவின் கிண்ணத்தின் உள் அகலத்தைப் பள்ளிக்கூட அளவுகோலால் அளந்தோம்: 51 மில்லிமீட்டர். அமுக்கியின் தட்டு: 49. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் விளிம்பில் அமுக்கப்படாத தூள் நின்றுவிடுகிறது. பரப்பைக் கணக்கிட்டால் அது மொத்த வட்டத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு. அதுவும் எங்கே? சுவர் ஓரத்தில். தண்ணீர் எப்போதும் தேடும் இளகிய வழியே அந்த ஓரந்தான். ஆகவே டேம்பர் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது அளவு. 51, 54, 58 என்று பல அளவில் இயந்திரங்கள் வருகின்றன. பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், கிண்ணத்தையே கடைக்கு எடுத்துச் சென்று, டேம்பரை உள்ளே இறக்கிப் பாருங்கள். உரசாமல் இறங்க வேண்டும்; ஆனால் ஆடக்கூடாது.

அடுத்தது உலோகம். அலுமினியம் இலேசு; துருவேறா எஃகு கனம். கனமானது தூளின்மேல் தானே நிலையாக உட்காரும். பாதி வேலையை அதுவே செய்துவிடும். எஃகே மேல் என்பது நம் கருத்து. கைப்பிடி மரமா பிளாஸ்டிக்கா என்பது அவரவர் விருப்பம். உள்ளங்கைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பிடித்துப் பாருங்கள். ஆண்களின் கைக்கென்று செய்த உயரமான பிடி பெண்களின் கைக்கு ஒத்துவராது.

அடித்தட்டு சமதளமாகவும் வரும். நடுவில் சற்றே புடைத்தும் வரும். அலையலையாக வளையம் வெட்டியும் வரும். புடைத்த தட்டு தூளை ஓரத்துக்குத் தள்ளிச் சுவரோடு ஒட்டவைக்கும் என்று சொல்வார்கள். அளவு சரியாக உள்ள சமதளத் தட்டு இருந்தால் இந்த வேடிக்கைகள் வேண்டியதில்லை.

பாரத்தைத் தானே அளக்கும் வில் வைத்த டேம்பரும் உண்டு. குறித்த பாரம் வந்ததும் உள்ளே வில் அமுங்கிக் கைக்கு உணர்த்தும். அதற்கு மேல் அமுக்கத் தேவையில்லை. சிலவற்றில் கிண்ணத்தின் விளிம்பில் உட்காரும் ஒரு வளையமும் சேர்ந்திருக்கும். அது தட்டைச் சாயவிடாது. கடைக்காரர் அந்த அம்மாவுக்குக் காட்டியது இந்த வகைதான். அது கெட்ட பொருள் என்று நாம் சொல்லமாட்டோம். சாய்வு வராமல் தடுப்பது மெய்யான உதவி. கைநடுக்கம் உள்ளவர்களுக்கும், ஒரே வீட்டில் நாலு பேர் நாலு விதமாக அமுக்குகிற இடத்திலும் அது பயன்படும். ஆனால் பருமனான தூளை அது நைசாக்காது. அந்த வீட்டுக் குறை தூளில் இருந்தது, விற்றது அமுக்கி.

காம்பில்லாமல் வடைத்தட்டுப்போல் இருந்து, கிண்ணத்தின்மேல் வைத்துச் சுற்றுகிற ஒரு கருவியும் விற்கிறார்கள். அது மேல்தூளைப் பரப்பிவிடும். அடித்தூளை அவ்வளவாக அசைக்காது. அதற்குப் பதில் மெல்லிய ஊசிகள் சிலவற்றை ஒரு கார்க்கில் குத்தி, தூளை அடிவரை கிளறிக் கட்டிகளை உடைத்துவிட்டுப் பிறகு அமுக்கினால் பலன் அதிகம். செலவும் இல்லை. ஊசி கழன்று தூளில் விழுந்துவிடாதபடி உறுதியாகக் குத்திக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

எதையும் வாங்குமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். அடி முழுவதும் துளைகள் வழியே வெளிச்சம் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர்க் கிண்ணம். உள்ளே பல துளைகள் இருந்தும், வெளிப்புறத்தில் ஊசிமுனை அளவு ஒரே ஒரு துளை மட்டும் இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கிண்ணம். இந்த இரண்டாவது வகையில், தண்ணீரைத் தடுத்து அழுத்தத்தைக் கூட்டும் வேலையை அந்தச் சிறு துளையே செய்துவிடுகிறது. தூளை இலேசாகச் சமப்படுத்தினால் போதும். கடையில் அரைத்து வைத்த தூளும் ஓரளவு ஒத்துவரும். சுவை ஒற்றைச் சுவரில் இறங்குவதற்கு ஒரு படி குறைவுதான். ஆனால் அதற்கு விலையுயர்ந்த டேம்பர் வாங்குவது காசைக் கரியாக்குவதாகும்.

அந்த அம்மாவிடம் இயந்திரத்தின் அட்டைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னோம். பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், இரட்டைச் சுவர்க் கிண்ணம் கிடந்தது! தீபாவளியன்று மகன் ஒற்றைச் சுவரைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். மற்றதைப் பற்றித் தாயிடம் சொல்ல மறந்துவிட்டான்.

அன்று மாலை அவர் வீட்டில் ஒரு பாடமே நடந்தது. குளியலறையில் ஆள் எடை பார்க்கும் தராசை மேசைமேல் வைத்து, அதன்மேல் துணியை மடித்துப் போட்டு, எஃகு டேம்பர் இல்லாததால் ஓர் உலக்கைத் துண்டை வைத்து அமுக்கச் சொன்னோம். முள் 14 கிலோவில் நின்றபோது "இவ்வளவுதானா?" என்றார். அவர் வழக்கமாக அமுக்குவதுபோல் அமுக்கச் சொன்னோம். முள் முப்பதைத் தாண்டியது. பிறகு முழங்கையை மடித்து டேம்பருக்கு நேர் மேலே வைத்து, மணிக்கட்டை வளைக்காமல், தோளிலிருந்து பாரம் இறங்கும்படி அமுக்கப் பழக்கினோம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், கிண்ணத்தின் விளிம்போடு ஒப்பிட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரலே சொல்லும். பழகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "பட்டை சீவுகிற மாதிரிதான், அழுத்தினால் மரத்துக்குக் காயம்" என்றார். மரத்தின் உட்பட்டையில் காயம் படாமல் ஒரே ஆழத்தில் கத்தி ஓட்டிய கைக்குச் சமம் என்றால் என்ன என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவர் அன்றாடம் இரட்டைச் சுவர்க் கிண்ணத்தில், சீனி சேர்க்காமல் வறுத்த தூளைப் போட்டு இறக்கிக்கொள்கிறார். மகன் வரும்போது அரைத்த தூளோடு வருகிறான்; அன்றைக்கு ஒற்றைச் சுவர். 51 மில்லிமீட்டர் அளவில் சாதாரண எஃகு டேம்பர் ஒன்றும் வாங்கியாயிற்று. கடைக்காரர் காட்டியதன் விலையில் மிச்சமான பணத்தைக் கையால் சுற்றி அரைக்கும் இயந்திரத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

இறுதியாக, மின்சார இயந்திரம் இல்லாமல் அடுப்பில் வைக்கும் மோக்கா பானை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அல்ஃபோன்சோ பியாலெட்டியின் பெயரால் 1933-இல் இத்தாலியில் வந்த எண்கோணப் பானை அது. அதன் நடுவிலும் துளைத்தட்டுள்ள கிண்ணம் இருப்பதால், அதிலும் டேம்பர் போட்டு அமுக்கலாம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது. அதில் தண்ணீரைத் தள்ளுவது ஒன்றிரண்டு பார் நீராவி அழுத்தமே. நைசான தூளை இறுக அமுக்கிவிட்டால் தண்ணீருக்கு வழியில்லாமல் கீழ்ப்பாத்திரத்தில் அழுத்தம் ஏறும். பக்கத்தில் உள்ள பாதுகாப்பு வால்வு பீறிட்டுக் கையைச் சுடும். தூளை நிரப்பி, விரலால் மேலே தடவிச் சமமாக்கி, விளிம்பில் ஒட்டியதைத் துடைத்து, மூடி வையுங்கள். வால்வின் முகம் சுவரைப் பார்த்திருக்கட்டும்.